நூற்றியெட்டு மாம்பழ மஞ்சள்

மயிலாப்பூர்,
9 ஜூலை.

அன்புள்ள ஜமீலாவுக்கு,

வைதேகி எழுதுவது. உறையின் மேலேயே என் பெயரைப் பார்த்திருப்பாய். பார்த்தும் பிரித்திருக்கிறாய் என்றால் பாதி வேலை முடிந்தது. நீயும் ஆஃப்ரீனும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரர் உன் புகழ் அண்ணனும் இருக்கிறோம். சுகமா என்று கேட்காதே. அவருக்கு முழங்கால், எனக்கு அவர்.

இந்தக் காலத்தில் எவளாவது காகிதத்தில் கடிதம் எழுதுவாளா என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டாய். பதினேழு செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பதினெட்டாவதை அனுப்ப மானம் இடம் கொடுக்கவில்லை. அப்புறம் அனுப்பினேன், அதுவும் ஒற்றை டிக். போன் செய்தால் ஒரு அரபுக்காரி ஏதோ சொல்கிறாள். நீ சொல்லிக் கொடுத்துத்தான் சொல்கிறாளோ என்று தோன்றுகிற மாதிரி ஒரு குரல். நல்லவேளையாக நம் அடையாறு பார்சல் இனாயத் பாய் ஞாயிற்றுக்கிழமை வியாபாரமாக மஸ்கட் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஆஃப்ரீனுக்குப் பிரசவ லேகியம் இரண்டு டப்பா. "வைதேகிம்மா, டப்பா தொறந்துக்கினு என் சட்டையெல்லாம் லேகியம் ஆச்சுன்னா நீங்கதான் தொவைக்கணும்" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன். உன் கோபத்துக்கு முன்னால் ஒரு சட்டை எம்மாத்திரம்.

முதலில் ஊர்ச் செய்தி. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வரைக்கும் மெட்ரோ பள்ளம் நீ விட்டுப் போனபடியே இருக்கிறது. போன வாரம் கடைக்கு வந்து கோயிலுக்கு வழி கேட்ட ஒரு அமெரிக்காக்கார அம்மாளுக்கு நான் சொன்ன வழியில் போய், அவள் திரும்பவும் என் கடைக்கே வந்து சேர்ந்தாள். வந்ததற்கு ஒரு சலங்கைப் பை வாங்கிக்கொண்டு போனாள். அப்புறம், நம் டீச்சர் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு பக்கமும் மூக்குத்தி போடுகிறவள், தன் அரங்கேற்றப் பெண்ணுக்கு மார்ச் மாதம் அளவு கொடுத்தாள். ஜூனில் பெண் வந்து போட்டுப் பார்த்தால் கொக்கி கொக்கியைப் பார்க்க மறுக்கிறது. பட்டு சுருங்கிவிட்டதாம். பட்டு எங்கேயடி சுருங்கும்? பெண் பரீட்சை லீவில் விரிந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. இடுப்பளவைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று உனக்கும் தெரியும், என் தையல் மிஷின் ஸ்டூலுக்கும் தெரியும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்தை ஆற அமரச் சொல்ல நீ விடவே இல்லை. இனாயத் பாய் பெட்டியில் அடைபட்டு வருகிற காகிதத்தை நடுவில் பேசித் தடுக்க உன்னாலும் முடியாது. ஆகவே கேள்.

பத்தொன்பது வருஷமாக நாம் எப்படி வேலை செய்தோம்? தி.நகர் ஷரஃபுதீன் பாய் கடையிலிருந்து பட்டு எனக்கு வரும். நான் வெட்டி மூட்டை கட்டி மந்தைவெளிக்கு உன் ஆரி வேலைக் கூடத்துக்கு அனுப்புவேன். உன் பெண்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பூவேலை முடித்துத் திருப்பி அனுப்புவார்கள். நான் நாட்டிய உடையாகத் தைத்துக் கொடுப்பேன். இனாயத் பாய் வெளிநாட்டுக்குக் கட்டி அனுப்புவார். மூட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான் நம் நிர்வாகம். அது சொர்க்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று மேலாக்கு காணாமல் போய் நாம் நால்வரும் ஒரு மாதம் ஒருவரை ஒருவர் திருடர்போலப் பார்த்துக்கொண்டோமே. கடைசியில் அது ஷரஃபுதீன் பாய் தலைக்கு வைத்துத் தூங்குகிற மூட்டையில் இருந்தது.

அப்போதுதான் கனடா நாட்டியப் பள்ளிக்காரர்கள் கிளம்பினார்கள். எண்பது பள்ளிகள் சேர்ந்த சங்கம். இந்தப் பட்டு எங்கே வாங்கியது, யார் கை பூவேலை, எத்தனை நாள் யாரிடம் இருந்தது, எல்லாம் அழிக்க முடியாத பதிவாக வேண்டும், இருந்தால்தான் ஆர்டர் என்றார்கள். கிண்டி கணினிக் கம்பெனியிலிருந்து ஆனந்தகுமார் வந்தார். நாற்பது வயது, நாலு போன், ஒரு சிரிப்பு. பிளாக்செயின் என்றார். உன் புகழ் அண்ணன் தி.நகர் நகைக்கடைச் சீட்டு என்று நினைத்து எத்தனை சவரன் என்று கேட்டார்.

ஆனந்தகுமார் அழகாகத்தான் விளக்கினார். நான்கு பேர் கையிலும் ஒரே நோட்டு. ஒருத்தர் ஒரு வரி எழுதினால் நாலு நோட்டிலும் ஏறும். ஒருத்தர் தன் நோட்டில் அழித்தால் மற்ற மூன்றும் ஒத்துக்கொள்ளாது. அனுப்பினவர் அனுப்பினேன் என்று கைரேகை வைக்க வேண்டும், வாங்கினவர் வாங்கினேன் என்று வைக்க வேண்டும். நாள் தாண்டினால் அதுவே மஞ்சள் விளக்கு போடும், அப்புறம் சிவப்பு. "யாரும் யாரையும் நம்பவேண்டிய அவசியமே இல்ல மேடம்" என்று மூன்று தடவை சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதியாகப் பட்டது. பத்தொன்பது வருஷமாக உன்னை நம்பி நம்பி அலுத்திருந்தேன் போலிருக்கிறது.

அட்சய திருதியை அன்று தொடக்கம். நீ பச்சைச் சேலையில் வந்திருந்தாய். மயிலாப்பூரில் புதுக் கணக்கு திறந்தால் என்ன செய்வோம்? நாலு மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, முதல் பில் சாமி பேரில். மஞ்சள் ஒன்று, குங்குமம் ஒன்று, வெற்றிலை பாக்கு. அந்தப் பில்லை எவனும் வசூல் செய்யமாட்டான். ஷரஃபுதீன் பாய் கடையிலும் 786 எழுதாமல் பேனா நகராது. ஆக, ராசியான கை என்று என்னை உட்காரவைத்தீர்கள். கணினிக்குச் சந்தனம் வைத்தேன். ஆனந்தகுமார் ஸ்க்ரீனில் வைக்காதீங்க மேடம் என்று கெஞ்சியதால் முதுகில் வைத்தேன்.

உள்ளே போனால் மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. பட்டு வகைகள்தான் இருந்தன. மஞ்சள் இருக்கிற ஒரே இடம் மாம்பழ மஞ்சள் பட்டு. அதைத் தொட்டேன். எண்ணிக்கை கேட்டது. ஒன்று என்று போட்டேன். பின்னால் நின்ற உன் அண்ணன், "ஒத்தையா போடாதடி, நூத்தியெட்டு போடு" என்றார். போட்டேன். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டது. பட்டியலில் பிள்ளையார் இல்லை. இருந்தது நாம் நால்வர். உன் கை ராசி என்று உன் கூடத்தைத் தொட்டேன். குறிப்பில் பிள்ளையார் துணை என்று அடித்துக் கைரேகை வைத்தேன். எல்லோரும் கை தட்டினோம். நீயும் தட்டினாய். கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், அதற்குப் பதிவில்லை, நானே சாட்சி.

அவ்வளவுதான் ஜமீலா நடந்தது. ஒரு சாமி பில். அந்த இயந்திரத்துக்குச் சாமியும் தெரியவில்லை, பில்லும் தெரியவில்லை. நூற்றியெட்டுப் பட்டை நான் உன்னிடம் அனுப்பிவிட்டதாகவும் நீ அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும் எழுதிக்கொண்டது. இருபத்தோராம் நாள் உன் கூடத்தின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு. நாற்பத்தைந்தாம் நாள் சிவப்பு. கனடாக்காரர்கள் சிவப்பு எரிகிற கூடத்துக்கு டிசம்பர் சீசன் வேலையைக் கொடுக்கமாட்டார்கள். அவர்கள் பட்டியல் ஜூலை இருபதாம் தேதி மூடுகிறது. அதற்கப்புறம் அடுத்த வருஷம்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. கிண்டிக்கு மூன்று தடவை போனேன். அங்கே ஏழாவது மாடியில் குளிர் பொறுக்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வரியை அழித்துக் கொடு அப்பா என்று கேட்டேன். அழிக்க முடியாது என்பதுதான் மேடம் இதன் சிறப்பு என்றார். என் மாமியாருக்கும் இதே சிறப்பு இருந்தது என்றேன். சிரிக்கவில்லை. அப்புறம் வழிகள் சொன்னார். ஒன்று, நீ வாங்கினேன் என்று கைரேகை வைத்து, மறு நிமிஷமே திருப்பி அனுப்பினேன் என்றும் வைப்பது. இரண்டு, ஒரு வருஷம் சும்மா இருந்தால் அது தானாகவே காலாவதியாகிவிடும். மூன்றாவதாகவும் ஏதோ சொன்னார், அதற்குள் டீ வந்துவிட்டது.

உன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். நிஜமாகவே நூற்றியெட்டு மாம்பழ மஞ்சளை வாங்கி உன் கூடத்தில் இறக்கிவிட்டால் எழுதினது உண்மையாகிவிடுமே என்று. முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவர் சொன்ன முதல் புத்திசாலித்தனம் என்று நானும் ஷரஃபுதீன் பாயிடம் ஓடினேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது, பாண்டி பஜாரில் நடக்கவில்லை, என்னைக் கொண்டுபோனார்கள். பாய் அலமாரியைத் துழாவிவிட்டு, "மாம்பழ மஞ்சள் பதினொண்ணுதான் கீது. மிச்சம் தொண்ணூத்தேழுக்கு நான் எங்க போவேன்? அதுவும் இல்லாம, நீங்க அனுப்புனா அது வேற வரியா ஏறும். அப்புறம் அந்தம்மா தலையில எரநூத்திப் பதினாறு" என்றார். திரும்பி வருகிற வழியில் ஒரு இளநீர் குடித்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்காக நடந்தது.

தினம் காலை ஆறு மணிக்கு என் போனில் மணி அடிக்கிறது. மாம்பழ மஞ்சள் பட்டு, நூற்றியெட்டு, கைசர் ஜஹான் ஆரி ஒர்க்ஸிடமிருந்து ரசீது வரவில்லை. உன் மாமியார் பெயரை வைத்த கூடம். அந்த அம்மாள் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பாள்.

இதையெல்லாம் உனக்கு விளக்கத்தான் அன்றைக்கு எல்லோரையும் என் கடை மாடிக்கு வரச் சொன்னேன். நீ வாங்கினேன் என்று ஒரு விரல் வைத்திருந்தால் முடிந்திருக்கும். நீ என்ன சொன்னாய்? "தொடாத பட்டைத் தொட்டேன்னு எப்டி வைதேகி விரல் வெப்பேன்? நாளைக்கு அல்லா கேட்டா, நூத்தியெட்டும் எங்க வெச்சேன்னு சொல்றது?" என்றாய். எனக்கு வந்ததே கோபம். ஒரு விரல் விஷயம் அது. அதற்குப்போய் மறுமை வரைக்கும் போவார்களா?

கோபத்தில் நான் சொன்னதை இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. நீ மறந்திருக்க மாட்டாய். கடையில் வாடிக்கை வந்துவிட்டது, நாளை தொடர்கிறேன்.


11 ஜூலை.

நாளை என்றது நாளை மறுநாள் ஆகிவிட்டது. நேற்று எழுத உட்கார்ந்தபோது பாஞ்சாலி வந்தாள்.

உன் கூடத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். ஆனால் வேலை இல்லை. பதினொரு பெண்களும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார்கள். அவள் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஷட்டரைத் திறந்து, வெறும் சட்டங்களைத் துடைத்துவிட்டுப் போகிறாள். ஆற்றங்கரையில் வீடு இருந்தபோது நடந்து வருவாள், இப்போது ஒன்றரை மணி நேரம். வந்தவள் உட்காரவில்லை. என் கடை வாசலில் நின்றுகொண்டே பேசினாள். நான் உட்காரச் சொன்னதற்கு, "நின்னே கேக்கறேன், உக்காந்தா கோவம் கொறஞ்சிடும்" என்றாள்.

அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாமா நீ, பிள்ளையாருக்கு அனுப்ச்ச பட்டை எங்ககிட்ட கேட்டா எப்டி? போய் கோயில்ல கேளு. ரெண்டு தெரு தள்ளிதான கீறாரு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கனடா ஆர்டர் போனால் அவளையும் சேர்த்து நாலு பேர் சோழிங்கநல்லூர்ப் பக்கம் வீட்டு வேலைக்குப் போகப்போகிறார்களாம், பேசி முடித்துவிட்டார்களாம். ஆரி ஊசி பிடிக்கிற கையில் துடைப்பம் பிடிப்பது கேவலம் இல்லைம்மா, ஆனா திருடிங்கன்னு பேர் வாங்கிக்கினு போறதுதான் கேவலம் என்றாள். சிவப்பு விளக்கு அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் விடவில்லை, என் வாய்தான் உனக்குத் தெரியுமே. வரவில்லை என்றால் மூன்று நாளுக்குள் வரவில்லை என்று ஒரு தட்டுத் தட்டச் சொல்லி அந்த இயந்திரமே கேட்டதே, உங்கள் முதலாளியம்மா அதைச் செய்திருந்தால் இவ்வளவும் ஏது என்றேன்.

பாஞ்சாலி அப்போதுதான் சொன்னாள். அந்த மூன்று நாளும் நீ போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாயாம். வந்தது, வரவில்லை, இரண்டு பட்டன். பாஞ்சாலி எட்டிப் பார்த்து, வரலைன்னு போடும்மா என்றாளாம். நீ அதற்கு, "அவ சாமிக்கு வெச்ச மொத கணக்கு இது. அதைப் போய் வரலைன்னு நான் எழுதுனா அபசகுனமா இருக்கும்டி. வைதேகி மனசு என்னாகும்? விடு, அது சாமி பில்லு" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாயாம்.

அவள் போய்விட்டாள். நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து சலங்கை கேட்டார்கள், குஞ்சலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு மாடியில், ஷரஃபுதீன் பாயும் இனாயத் பாயும் ஆனந்தகுமாரும் பார்த்துக்கொண்டிருக்க, உன்னிடம் நான் கேட்டேன். "மூணு நாள் இருந்துதே, ஒரு தட்டுத் தட்டறதுக்கு என்ன, கையில மருதாணியா வெச்சிருந்தே?" என்று. எழுதமாட்டேன் என்று சொன்னேன், எழுதிவிட்டேன். நீ டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இறங்கிப் போய்விட்டாய். அந்த வாரமே மஸ்கட் போய்விட்டாய் என்று இனாயத் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் டிபன் பாக்ஸ் இன்னும் என் மாடியில் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன்.

என் சாமிக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். உன் சாமிக்காக நீ விரல் வைக்கமாட்டேன் என்றாய். நடுவில் ஒரு சாமிக்கும் பயப்படாமல் கத்தினவள் நான் ஒருத்திதான்.


12 ஜூலை.

இனாயத் பாய் மாலையில் வந்து உறையை வாங்கிக்கொள்வார். இனி சுற்றி வளைக்க நேரமில்லை.

கிண்டியில் மூன்றாவது வழி சொல்லும்போது டீ வந்துவிட்டது என்று எழுதினேனே. டீ வரவில்லை. அங்கே டீயை நாமே போய் இயந்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழியை ஆனந்தகுமார் தெளிவாகத்தான் சொன்னார். அதுவும் இப்போது இல்லை, மே மாதமே, உனக்கு மஞ்சள் விளக்கு எரிந்த வாரமே சொன்னார். அனுப்பினவர், நான் எழுதினது பொய், அப்படி ஒன்றை நான் அனுப்பவே இல்லை என்று கைரேகை வைக்கலாம். பழைய வரி அழியாது. அதற்குக் கீழே இந்த வரி ஏறும். உன் விளக்கு பச்சையாகிவிடும். என் விளக்கு தொண்ணூறு நாள் சிவப்பாகிவிடும். பொய்ப் பதிவு செய்தவர் என்று என் கடைப் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும், எண்பது பள்ளிக்கும் தெரியும்.

இரண்டு மாதமாக எனக்கு இது தெரியும் ஜமீலா. தெரிந்துகொண்டேதான் உன்னை விரல் வைக்கச் சொன்னேன். தெரிந்துகொண்டேதான் தி.நகரில் பட்டு தேடினேன். சித்திரைக் குளத்துப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறாளே, கண்ணாடிக் கதவு போட்ட நாட்டிய உடைக் கடை, அவள் என் சிவப்பு விளக்கைப் போட்டோ எடுத்து டீச்சர்களுக்கெல்லாம் அனுப்புவாள் என்று பயந்தேன். என் விளக்கு அணைந்துவிடக்கூடாது என்பதற்காக உன் விளக்கை எரியவிட்டேன். இந்த வாக்கியம் கொஞ்சம் நாடக வசனம் மாதிரி இருக்கிறது, ஆனால் அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அந்தப் பட்டனைத் தட்டினேன். அதற்கும் படுத்தி எடுத்தது. காரணம் என்ன என்று கேட்டது. தட்டச்சுப் பிழை, அளவுப் பிழை, பிற என்று மூன்று இருந்தன. பக்தி என்றோ திமிர் என்றோ இல்லை. பிற என்பதைத் தொட்டேன். விவரம் எழுதக் கொடுத்த கட்டம் தீப்பெட்டி அளவு. அதற்குள் இப்படி எழுதினேன்: இந்தப் பட்டு அனுப்பப்படவே இல்லை. ஜமீலுன்னிசா மேல் குற்றமில்லை. எழுதியவள் வைதேகி. கைரேகை வைக்கப் போனால் என் விரலை ஏற்கவில்லை. துணி வெட்டி வெட்டித் தேய்ந்துவிட்டதாம். நாலாவது தடவை தேங்காய் எண்ணெயைத் துடைத்துவிட்டு வைத்த பிறகு ஏற்றுக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளை இப்படி வாசலில் நிறுத்துவார்களா?

இது போதாதாம். மற்றவர்கள் மூவரும் ஏற்கிறேன் என்று தட்ட வேண்டும். ஷரஃபுதீன் பாய் உடனே தட்டிவிட்டார். "இதை ரெண்டு மாசம் முன்ன செஞ்சிருக்கலாம்ல" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அவரிடம் நான் பதில் பேசாமல் இருந்தது இது முதல் தடவை, பயந்துபோய் எனக்கு உடம்பு சரியில்லையா என்று உன் அண்ணனுக்குப் போன் செய்தார். இனாயத் பாயும் தட்டியாயிற்று. உன் அண்ணன், நூற்றியெட்டு போடச் சொன்னது அவர்தான் என்பதையும் எழுதச் சொன்னார். கட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், விரல் என்னுடையது.

மிச்சம் நீதான். உன் போனில் ஒரு வரி வந்து காத்துக்கொண்டிருக்கும். ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பட்டன். நன்றாகப் படித்துப் பார். அதில் நீ தொடாத எதையும் தொட்டதாக இல்லை. யார் கேட்டாலும் நீ சொல்ல முடியாத பதில் எதுவும் இல்லை. இருபதாம் தேதிக்குள் நீ தட்டினால் கனடாப் பட்டியலில் உன் கூடம் பச்சையாகப் போகும். பாஞ்சாலி சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவாள். தைக்கிற வேலை எனக்கு வராது, சிவப்புக்காரிக்குக் கொடுக்கமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்காரிதான் இந்த வருஷம் தைப்பாள். அவளுக்குக் கொக்கி வைக்கத் தெரியாது, நீயே பார்ப்பாய். அவளோடு வேலை செய்யும்போது என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவள் வேலையைப் பற்றி எனக்கு வந்து சொல்ல வேண்டும்.

நீ மறுக்கிறேன் என்று தட்டினாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் அந்தப் பதினொரு பேருக்காகவாவது தட்டு. எனக்காக வேண்டாம். என்னைத் தடுத்து வைத்திருப்பதை எடுக்காமலேகூட அதைத் தட்டலாம், ஆனந்தகுமாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டும் வேறு வேறு.

குழந்தைக்கு உம்மே ஹானி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று பாஞ்சாலி போகிற போக்கில் சொன்னாள். நான் தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். நல்ல பெயர். நீண்ட ஆயுளோடும் நிறைந்த சிரிப்போடும் இருக்கட்டும். பாட்டியின் நிதானம் வரட்டும், பாட்டியின் சிநேகிதியின் வாய் வரவேண்டாம். ஆஃப்ரீன் லேகியத்தைக் காலையில் மட்டும் சாப்பிட்டால் போதும்.

லேகியத்துக்கு அடியில் பழைய தினத்தாளில் சுற்றி ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. ஷரஃபுதீன் பாயிடம் இருந்த பதினொன்றில் ஒன்றை வாங்கிக் குழந்தைக்கு ஒரு கவுன் தைத்தேன். அளவு தெரியாது, கண் பார்வையில் வெட்டினேன், உள்ளே ஒரு அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன். பூவேலை செய்யவில்லை. அது உன் வேலை.

மாம்பழ மஞ்சள் பட்டு, ஒன்று. இதை எந்தக் கணினியிலும் ஏற்றவில்லை. வந்து சேர்ந்ததா என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

உன்,
வைதேகி